ஜிரார் அடிகளும் தாய்மொழிக் கல்வியும்

கி. பி. 1823ஆம் ஆண்டு சூன் திங்களில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பிரிபூர் மாநிலத்துப் பேரவை ஒரு கல்வி முறையைத் தன் பள்ளிகளிலிருந்து விலக்கிற்று. முன்னே கற்ற மாணாக்கர் பின்னே வந்த மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறை அது. அதற்கு இரண்டு திங்கள் கழித்து, ஆகஸ்டு 17ஆம் நாள், சென்னை மாகாணத்துப் பல்லாரி மாவட்ட ஆட்சியாளரான காம்பெல் என்பார், தம் மாவட்டத்து நாட்டுப் பள்ளிகளைப் பற்றி அரசிற்கு ஓர் அறிக்கை விடுத்தார். மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கர்க்குக் கற்பிக்கும் அம்முறையை அவர் அவ்வறிக்கையிற் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்றும் எழுதினார். ஓரிடத்திற் சமயத்திற்கும் ஒழுக்கத்திற்கும் ஊறென்று விலக்கப்பட்டது, மற்றோரிடத்திற் போற்றத்தக்கதென்று அதே ஆண்டிற் பதிவாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய்வதும், பிரிபூரில் அம்முறையை நடத்தியவரான கிரெகுவார் ஜிரார் என்னும் துறவியின் தாய்மொழிக் கொள்கையைத் தமிழ் பயில்வார்க்கு எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெஸ்டலோசி, பிரோபெல், மாண்டிசோரி ஆகியோரை நம் ஆசிரியப் பயிற்சி நூல்கள் நன்கு அறியும். ஜிராரை அவை பெரும்பாலும் அறியா. ஐரோப்பியக் கல்வி வரலாற்று நூல்களிலும் அவர் பெஸ்டலோசியின் நிழலிலேயே நிற்கக் காண்கிறோம். ஆயினும் மொழியாசிரியராகிய நமக்குப் பெஸ்டலோசியினும் ஜிராரே அணுக்கமானவர். பெஸ்டலோசி எண்ணையும் வடிவத்தையும் கல்விக்கு அடிப்படையாகக் கொண்டார். ஜிரார் மொழியைக் கொண்டார்.

முதற்கண் தமிழகத்துத் தொடர்பை நோக்குவோம். ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரு பெல் என்னும் சமய குரு 1787இற் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் அமைந்த ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்க்குப் பிறந்து ஆதரவற்றுப்போன சிறுவர்க்கென ஏற்பட்ட இல்லம் அது. ஒருநாள் அவர் வெளியே சென்றபோது நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டார். தம் இல்லத்திலும் கடைநிலை வகுப்பிற்கு மணலெழுத்தைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அஃது இயலாதென மறுத்தனர். பெல் அவர்களோடு வழக்காடிக்கொண்டிராமல், எட்டு வயதளவினனான ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்க்கு இயலாதது சிறுவனுக்கு இயன்றது. பின்னர் ஏனைய வகுப்புகளும் இவ்வாறே மாணாக்கர் பொறுப்பிற்கு வந்தன. 1796இற் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு இலண்டனில் இச்சோதனையைப் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். அதனால் ஐரோப்பாவில் இம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே ஒரு பெயர் வழங்கலாயிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பார் அதனையொத்த முறையைத் தாமும் இலண்டனில் நடத்தினார். யார் முதல்வர் என்பது பற்றி இருவர் பக்கத்தார்க்கும் நிகழ்ந்த பூசல் நமக்கு வேண்டாதது.

நமக்கு வேண்டுவது வேறொரு வினா. பெல் நம் நாட்டிலிருந்து எதைப் பெற்றார்? மணலெழுத்தை நாட்டுப் பள்ளியிற் கண்டதாக அவரே உடன்படுகின்றார். மாணாக்கரைக் கொண்டு கற்பித்தலோ தம் இடுக்கண் காரணமாகத் தாமே கண்டறிந்தது என்பது அவர் கூற்று. ஆனால் திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை என்பான் ஒருவன் இருந்தமை நாம் அறிந்தது. ஆசிரியர் வருமுன் பிள்ளைகளைக் கூட்டுவதும், முறை சொல்வதும், இளையோர் கையைப் பிடித்து எழுத்து வரைவிப்பதும் அவன் பணி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இப்பள்ளிகளின் நடைமுறையை விரித்துரைத்துள்ளார். பெல்லுக்கு நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே, 1623இல், இத்தாலி நாட்டுப் பயணியான பியத்ரோ தெல்லா வல்லே கருநாடகத்து இக்கேரியிற் சிறுவர் நால்வர் தரையில் மணல் பரப்பி ஒருவரோடொருவர் முறைவைத்து எண் பயின்றதைக் கண்டு வியந்து எழுதியிருக்கின்றார். மணலைக் கண்ட கண்ணிற்குச் சட்டாம்பிள்ளை தென்படாமற் போயினானா என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும் பெல் அவனைக் கண்டார் என்பதற்கு நேர்ச் சான்று இல்லை. சான்று இல்லாதவிடத்து, 'வெள்ளையர் நம் முறையைத் திருடினர்' என்று முழங்குவது ஆராய்ச்சியாகாது. இரண்டும் ஒத்தன என்பதும், ஒன்று மற்றொன்றன் அருகே பிறந்தது என்பதுமே நாம் துணிந்து கூறத்தக்கன.

இனி ஜிரார் வரலாற்றிற்கு வருவோம். அவர் 1765ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் பிரிபூர் நகரிற் பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்துப் பதினைந்து மக்களைக் கொண்ட வணிகர் குடும்பம் அது. அத்துணை மக்களுக்கும் தாயே முதலாசிரியர். மூத்தோர் இளையோர்க்குக் கற்பிப்பதும் அவ்வீட்டில் இயல்பாக நிகழ்ந்தது. ஜிரார் பின்னாளிற் பன்முறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர் ஒருவர், உரோமத் திருச்சபைக்குப் புறம்பானவர்க்கு மீட்பு இல்லை என்றார். அவர்கள் வீட்டிற்குப் பழம் கொணரும் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த வணிகன் ஒருவன் இருந்தான். அந்த நல்லவனும் நரகிற்குச் செல்வானோ என்று அஞ்சிச் சிறுவன் தாயிடம் ஓடினான். உன் ஆசிரியர் அறிவிலி, கடவுள் நல்லவரைத் தண்டிப்பதில்லை என்று தாய் தேற்றினார். பல்கலைக்கழகத்திற் பயின்ற இறையியலினும் 'என் தாயின் இறையியல்' உயர்ந்ததென்று ஜிரார் முதுமையிலும் கருதினார். இதனை ஒரு குடும்பக் கதையெனத் தள்ளிவிடுதற்கில்லை. தாயின் வாய்மொழியே அறிவிற்கும் அறத்திற்கும் முதல் ஊற்று என்னும் அவர்தம் மொழிக் கொள்கை இந்நிகழ்ச்சியில் முளைவிடக் காண்கிறோம்.

பதினாறாம் வயதிற் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்து, செருமானிய நாட்டு வூர்ஸ்பர்க்கில் மெய்ந்நூலும் இறைநூலும் பயின்று, குருப்பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். பத்தாண்டளவு தம் மடத்து இளந்துறவியர்க்கு மெய்ந்நூல் கற்பித்தார். 1798இற் பழைய சுவிட்சர்லாந்து வீழ்ந்து எல்வேத்தியக் குடியரசு எழுந்தது. அதன் கல்வியமைச்சரான ஸ்டாப்பர் நாடு முழுமைக்குமான கல்வித் திட்டம் பற்றிக் கருத்துகள் வேண்டியபோது, ஜிரார் எழுதி விடுத்த திட்டம் அமைச்சரின் கருத்தைக் கவர்ந்தது. அதன் பயனாக அமைச்சகத்தில் ஒரு பணி கிடைத்தது. பின்னர் சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் பேர்ன் நகரத்தின் முதற் கத்தோலிக்கப் பங்குத் தந்தையாக நான்காண்டுகள் இருந்தார். அந்நகர் முழுவதும் சீர்திருத்தச் சபையாரே வாழ்ந்தனர். அவர்களும் இவர்பால் அன்பு பாராட்டினர். 1804 - 1805இற் பிரிபூர் நகரம் தன் தொடக்கப் பள்ளியை நடத்துமாறு அவரை அழைத்தது.

அப்பள்ளியில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்த காலத்திலேதான் பெஸ்டலோசியைச் சோதிக்கும் கடமை அவர்க்கு வாய்த்தது. இவெர்தோன் நகரிற் பெஸ்டலோசி நடத்திய நிலையத்தை ஆராய்ந்து உரைக்குமாறு 1809இற் சுவிட்சர்லாந்துக் கூட்டவை மூவரை ஏவிற்று. பேசல் நகரத்து மேரியனும் பேர்ன் நகரத்துக் கணக்கறிஞர் திரெக்சலும் ஏனைய இருவர். அறிக்கையைப் பிரெஞ்சு மொழியில் வரைந்தவர் ஜிரார். அது 1810இல் வெளிவந்தது. பெஸ்டலோசியின் அன்பையும் ஆர்வத்தையும் அவர் மனமாரப் போற்றினார்; எனினும் அந்நிலையத்தின் முறையை நாட்டின் பொதுப் பள்ளிகளோடு இணைத்தல் அரிது என முடிவு கூறினார். பெஸ்டலோசியின் அன்பர் பலர் இதனைப் பொறாமையின் விளைவென்றனர். அறிக்கையை நடுநிலையோடு நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றாது. பெஸ்டலோசியும் ஜிராரின் பள்ளியைக் கண்டபோது வியந்து பாராட்டியவரே.

இருவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஜிரார் பிற்காலத்தில் எழுதிய உரையாடல் ஒன்று தெளிவாக்குகின்றது. இவெர்தோனிற் கணக்கிற்கு அளவிறந்த ஆட்சி கொடுக்கப்பட்டிருப்பதாக ஜிரார் சொன்னார். இரண்டும் இரண்டும் நான்கு என்பது போல மெய்ப்பிக்க இயலாத எதையும் தம் பிள்ளைகள் நம்பலாகாது என்று பெஸ்டலோசி விடையிறுத்தார். அங்ஙனமாயின் தமக்கு முப்பது மைந்தர் இருந்தாலும் ஒருவனையும் அவரிடம் ஒப்படையேன் என்றார் ஜிரார். தாம் அவனுக்குத் தந்தை என்பதையும் அவன் தமக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையும் கணக்கினைப் போல மெய்ப்பித்தல் யார்க்கும் இயலாதன்றோ என்பது அவர் காட்டிய காரணம். துறவியின் வாயில் இவ்வுவமை சற்று நகைக்கு இடமாயினும், அதன் கருத்து ஆழமுடையது. மக்கள் வாழ்வைத் தாங்குவன பலவும் எண்ணால் மெய்ப்பிக்கப்படுவன அல்ல, மொழியால் உணர்த்தப்படுவன. ஆகவே மக்கட் கல்விக்கு அடித்தளம் மொழியே என்பது ஜிரார் கொள்கை.

ஏறத்தாழ 1815இல் அவர் 'சென்னை முறை'யைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணாக்கர் தொகை பெருகிவந்த ஒரு பொதுப் பள்ளிக்கு ஆசிரியர் சிலரே. செலவிற்கும் வழி குறைவு. இந்நிலையில் மாணாக்கர் துணையின்றிப் பள்ளி நடவாது. ஆனால் இலண்டனிலிருந்து வந்ததை வந்தவாறே அவர் ஏற்கவில்லை. எழுத்தறிதல், வாய்பாடு, சொற்களைப் பிழையின்றி எழுதல் ஆகிய பயிற்சிகளை மூத்த மாணாக்கர்பால் விடுத்தார். பொருளை ஆராய்தல், காரணம் காணல், தீர்ப்புரைத்தல் ஆகியவற்றை ஆசிரியர் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வகுப்பு முழுமைக்கும் ஆசிரியர் ஒருங்கே கற்பித்தலும், சிறு குழுக்களில் மாணாக்கர் கற்பித்தலும் ஆகிய இரண்டையும் கலந்த கலப்பு முறை அது.

இதனை வெறும் ஏற்பாட்டு வேறுபாடு என்று எண்ணுதல் தவறு. ஏழைச் சிறுவர்க்கு எழுதவும் கணக்கிடவும் கூடக் கற்பிப்பது தம் நோக்கமன்று என்று பெல் தம் நூலின் பிற்பதிப்பொன்றில் எழுதினார்; விவிலியத்தை வாசிக்கும் அளவே அவர்க்குப் போதும் என்பது அவர் எண்ணம். தத்தம் நிலைக்கு மேற்பட அவர்களை உயர்த்துதல் தீமை என்று அஞ்சிய காலம் அது. அவ்வெண்ணத்திற்கு மாணாக்கர் முறை மிகவும் ஏற்றது. பொறிபோல் இயங்கும், செலவும் குறையும். ஜிராரோ கருவியை மட்டும் ஏற்றார், நோக்கத்தை மாற்றினார். ஏழையின் மகனும் சிந்திக்கக் கற்றல் வேண்டும் என்பதே அவர் பள்ளியின் உயிர்நிலை. 1813இற் பிரிபூரிற் பொருளியற் கழகத்தை நிறுவி அதன் தலைவராய் இருந்து வளர்த்ததும், 1821இல் மாநிலத்து நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென எளிய இலக்கணம் ஒன்று வெளியிட்டதும் இந்நோக்கத்தின்பாற்பட்டனவே.

அந்நாட்டுப்புற இலக்கணம் தமிழ் ஆசிரியர் உற்று நோக்கத்தக்கது. பிரிபூர் மாநிலத்திற் பிரெஞ்சும் செருமனும் வழங்கின. பிரெஞ்சு வழங்கிய சிற்றூர்களிலும் மக்கள் வீட்டிற் பேசியது பாரிசு நகரத்துப் பிரெஞ்சன்று. அதனின் வேறுபட்டதொரு நாட்டு வழக்கே. ஆகவே 'தாய்மொழி' என்று ஜிரார் கூறும்போது, வீட்டு வழக்கிற்கும் ஏட்டு வழக்கிற்கும் இடைப்பட்ட பள்ளத்தைப் பள்ளி எவ்வாறு தூர்ப்பது என்னும் சிக்கலும் அதில் அடங்கியிருந்தது. பேச்சுத் தமிழோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இச்சிக்கல் புதியதன்று. வீட்டு வழக்கை இகழாது, அதிற் பிள்ளை முன்னரே அறிந்த கருத்துகளினின்று தொடங்கி ஏட்டு வழக்கிற்கு ஏற்றிச்செல்லல் அவர் வழி.

இவ்வாறு வளர்ந்த பள்ளிக்கு இடையூறு திருச்சபையினுள்ளிருந்தே தோன்றிற்று. 1818இல் இயேசு சபையார் பிரிபூருக்கு மீண்டனர். ஜிரார் காண்ட் என்னும் செருமானிய மெய்யறிஞரின் கருத்துகளுக்கு ஆட்பட்டவர் என்ற குற்றச்சாட்டு முன்னரே இருந்தது. பிரான்சிலோ மாணாக்கர் முறைப் பள்ளி உரிமைக் கட்சியினரின் சின்னமாகவும், மறைச் சகோதரர் நடத்திய பள்ளி அரசர் கட்சியினரின் சின்னமாகவும் பிரிந்து நின்றன. கல்வி முறை அரசியற் கொடியாகிவிட்டபின் அதன் நன்மை தீமைகளை யார் நோக்குவர்? ஜிராரின் பள்ளியை முன்பு பாராட்டியிருந்த ஆயர் யென்னி, இப்போது அம்முறை சமயத்திற்கும் ஒழுக்கத்திற்கும் ஊறு விளைப்பதெனப் பேரவையிடம் முறையிட்டார். 1823இற் பேரவை தடை விதித்தது. ஜிரார் பணியைத் துறந்து லூசெர்ன் நகருக்குச் சென்றார். சிறுவன் சிறுவனுக்கு ஆசிரியனாதல் பெரியோர்பால் வைக்கும் பணிவைக் குலைக்கும் என்பது அக்காலத்து இம்முறைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் ஒன்று. நம் சட்டாம்பிள்ளையின் கையிலிருந்த பிரம்பை அவர்கள் கண்டிருப்பின் அவ்வச்சம் ஒருவேளை நீங்கியிருக்கும்.

லூசெர்னில் 1827 முதல் 1834 வரை அவர் உயர்நிலைக் கல்லூரியில் மெய்ந்நூற் பேராசிரியராக விளங்கினார். தொடக்கப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர்க்கு மெய்ந்நூற் பீடம் கிடைத்தது என்றால், அது வீழ்ச்சியா உயர்வா என்று ஐயுறுவோம். அவர் அதனை உயர்வெனக் கருதியதாகத் தெரியவில்லை. அவர் நெஞ்சம் தம் நகரத்துச் சிறுவரிடத்தே இருந்தது. 1827ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் மெய்ந்நூலன்று. பிரிபூர் நகரின் வரைபடத்திற்கு எழுதிய விளக்கம். நிலநூலின் முதற் பாடமாக அந்நகரத்து இளையோர்க்கே அவர் அதனை உரிமையாக்கினார். உலகப் படத்தினின்று தொடங்கித் தம் ஊருக்கு வாராமல், தான் நடக்கும் தெருவினின்று தொடங்கி உலகிற்குச் செல்லுமாறு அமைந்தது அது. தன்னை விலக்கிய ஊரின் தெருக்களைத் தொலைவிலிருந்துகொண்டு அவ்வூர்ச் சிறுவர்க்கு விளக்கும் அந்நூலை அவர்தம் நூல்கள் எல்லாவற்றிலும் உருக்கமானதாக யான் கருதுகின்றேன்.

பிரிபூருக்கு மீண்டபின், தம் எழுபதாம் அகவையை ஒட்டி, வாழ்நாள் முழுதும் பயின்றறிந்ததை நூலாக்கத் தொடங்கினார். 1844இற் பாரிசு நகரில் வெளிவந்த அந்நூல், பள்ளிகளிலும் குடும்பங்களிலும் தாய்மொழியை முறைப்படக் கற்பித்தலைப் பற்றியது. அடுத்த ஆண்டு முதல் அதன்வழிப்பட்ட பாடநூல் தொகுதிகள் ரப்பே முதலிய அன்பர் துணையால் வெளிவந்தன.

நூலின் கருத்தைச் சுருங்கக் கூறின் இதுவாகும். தாய் குழந்தைக்கு மொழி கற்பிக்கும்போது மொழியை மட்டும் கற்பிப்பதில்லை. பொருள்களைச் சுட்டுகின்றாள், அவற்றின் இயல்பை உணர்த்துகின்றாள், நன்று இது தீது இது என்று பிரிக்கின்றாள், காணப்படாத கடவுளையும் காட்டுகின்றாள். சொல்லும் எண்ணமும் உணர்வும் ஒருங்கே வளர்கின்றன. பள்ளி தொடங்கியவுடன் இவ்வொருமை சிதைகின்றது. ஆங்குச் சொற்களே உள, எண்ணம் இல்லை. பெயரின் வேற்றுமைகளையும் வினையின் விகற்பங்களையும் பிள்ளை மனப்பாடம் செய்கின்றான். அவற்றால் எதை உரைப்பது என்று அறியான். சொற்களின் இலக்கணத்தை விடுத்துக் கருத்துகளின் இலக்கணத்தைக் கற்பித்தல் வேண்டும் என்பது ஜிரார் முடிபு. சொல் எண்ணத்திற்காக, எண்ணம் நெஞ்சிற்கும் வாழ்விற்குமாக என்னும் வரிசை அவர் கல்விக்கு அடிநிலை.

இதனைச் செயற்படுத்த அவர் வகுத்த வழி, தொடரினின்று தொடங்குதல். தனிச்சொல்லையோ விகுதியையோ முதலிற் கொள்ளாது, முழுக் கருத்தைத் தரும் வாக்கியத்தைக் கொள்வார். எழுவாய் தந்து பயனிலை தேடச் செய்வார். விளைவு தந்து காரணம் தேடச் செய்வார். வினைத்திரிபுகளும் முழு வாக்கியங்களிலேயே பயிற்றப்படும். நம் மொழியில் வைத்துக் காட்டின், 'வந்தேன், வந்தாய், வந்தான்' என்று அடுக்கி ஒப்பிப்பதற்கு மாறாக, 'மழை வந்தது; உழவன் மகிழ்ந்தான்; மழை வாராதிருந்தால் என் செய்திருப்பான்?' என்று பிள்ளையையே முடிக்கச் சொல்வது போன்றது அது. காலமும் இடமும் எதிர்மறையும் நிபந்தனையும் ஆங்குத் தாமே வந்து பொருந்துகின்றன. உடன் ஓர் எண்ணமும் பிறக்கின்றது. இத்தகைய பாடத்தை ஆக்குதற்கு இலக்கண ஆசிரியன், அளவைநூல் வல்லான், கல்வியாளன், இலக்கியம் வல்லான் ஆகிய நால்வரும் ஒருங்கு கூடவேண்டும் என்றார். நால்வரும் ஒருவரிடத்தே அமைதல் அரிதாகலின், அவர் முறை அவரைச் சார்ந்தார் சிலரிடத்தன்றிப் பிறரிடத்துச் செழிக்கவில்லை. அவருடைய நண்பரும் செனீவாவை அடுத்த வெர்னியேயிற் பள்ளி நடத்தியவருமான நவீல் என்னும் சீர்திருத்தச் சபைக் குரு அதனைத் திறம்படக் கையாண்டவருள் ஒருவர். கத்தோலிக்கத் துறவியின் முறையைச் சீர்திருத்தச் சபைக் குரு போற்றியதில், பழவணிகனுக்காக அஞ்சிய சிறுவனின் நினைவு நமக்கு வருகின்றது.

குறையும் ஒன்று உண்டு. ஒவ்வோர் எடுத்துக்காட்டும் அறவுரையாக அமைதல் வேண்டும் என்னும் அவா ஜிராரை அளவு கடந்து இழுத்துச் சென்றது. வினைமுற்றுக்கு ஓர் அறம், இடைச்சொல்லுக்கு ஓர் அறம் என நூற்றுக்கணக்கான வாக்கியங்களை அடுக்கும்போது பாடநூல் மறையுரையாகிவிடுகின்றது. சிறுவனுக்கு நகைக்கவும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். மொழியின் இன்பத்தை இரண்டாம் இடத்திற்குத் தள்ளியமை அவர் முறையின் பெருங்குறை. நம் நீதிநூற் பாடங்களும் இக்குறைக்கு விலக்கல்ல. எனினும் ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடியிற் சொற்சுருக்கமும் ஓசையும் அறத்தின் பாரத்தைப் பெரிதும் குறைக்கின்றன.

இனி, பல்லாரி அறிக்கைக்கு மீள்வோம். காம்பெல் நாட்டுப் பள்ளியைப் போற்றியதை மட்டும் எடுத்துக்காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வறிக்கையின் மறுபகுதியையும் காட்டுதல் நேர்மை. பிள்ளைகள் வழக்கொழிந்த செய்யுள்நடையில் அமைந்த பாட்டுகளை ஏராளமாக ஒப்பிக்கின்றனர்; பொருளோ கிளிக்குத் தெரிந்த அளவே அவர்க்குத் தெரியும் என்று அவர் வருந்துகின்றார். அவர் கண்டவை தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பள்ளிகள். ஆயினும் தமிழ்ப் பள்ளிகள் இதற்கு முற்றும் வேறானவை என்று நாம் மார்தட்ட இயலாது. மன்றோ 1822இற் பணித்து 1826இல் தொகுத்துரைத்த கணக்கின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். வீட்டிற் பயில்வாரையும் சேர்த்தால் ஆண் சிறாருள் மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றிருக்கலாம் என்பது அவர் மதிப்பு. அக்காலத்து இது சிறுதொகையன்று. ஆயினும் பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் அத்திண்ணைகட்குப் புறம்பே நின்றனர். உள்ளிருந்தோரும் நெட்டுருவில் நெடுங்காலம் கழித்தனர்.

ஆகவே பிரிபூரில் நிகழ்ந்ததை இவ்வாறு கொள்ளலாம். நம் நாட்டில் வழங்கிய அமைப்பை ஒத்ததொரு முறை, எழும்பூரினின்று இலண்டன் வழியாக ஆல்ப்சு மலைச்சாரலை அடைந்தது. ஆங்கு ஒரு துறவி அதன் ஏற்பாட்டை ஏற்று, நெட்டுருவை நீக்கி, அவ்விடத்திற் கருத்தை வைத்தார். அம்மாற்றம் கப்பலேறி நம்மிடம் திரும்பிவரவில்லை. 1835இன் பின் ஆங்கிலக் கல்வி ஓங்கியது. தாய்மொழியே இரண்டாமிடம் பெற்ற பள்ளிகளில் தாய்மொழி கற்பிக்கும் முறையைப் பற்றி யார் கவன்றிருப்பர்?

அம்மாற்றம் நமக்கு முற்றும் அயலானதும் அன்று. ஆசிரியன் வாய்க்கேட்ட அளவிற் கல்வி காற்பங்கே கைகூடும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு கிட்டும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைக்கின்றார். கற்பிக்கும் மாணாக்கனைச் சிக்கனத்திற்குரிய கருவியாகப் பெல் கண்டார். கற்பித்தலாற் கற்பவனே நிறைவடைகின்றான் என்று பவணந்தியார் கண்டார். இரண்டாவது நோக்கே ஜிராருக்கு உவப்பானது. எழுத்தும் சொல்லும் கற்பதன் பயன் பொருளே என்னும் கொள்கை தொல்காப்பிய அமைப்பிலேயே அடங்கியுள்ளது; பொருளதிகாரம் அற்ற இலக்கணம் முற்றிய இலக்கணமாக நம் முன்னோர்க்குத் தோன்றவில்லை. ஆயினும் நம் வகுப்பறைகளில் என்ன நிகழ்கின்றது? நன்னூற் சூத்திரத்தை இடறாமல் ஒப்பிக்கும் முதுகலை மாணாக்கர் ஒருவரிடம், தம் சொந்த வாக்கியமொன்றில் அவ்விதி எங்கே நிற்கின்றது என்று வினவி, விடையின்றி நெடுநேரம் காத்திருந்ததுண்டு. பிழை அவருடையதன்று; அவ்வினாவை அவரிடம் அதற்கு முன் யாரும் வினவியிருக்கவில்லை.

1844இற் பிரெஞ்சு அக்காதெமி ஜிராரின் நூலுக்கு மோந்தியோன் பரிசு வழங்கிற்று. அப்பரிசு இலக்கண நூல்களுக்கென ஏற்பட்டதன்று. மக்களின் ஒழுக்கத்திற்கு மிகவும் பயன்படும் நூலுக்கு உரியது. ஒழுக்கத்திற்கு ஊறென்று பிரிபூர் தடை விதித்து அப்போது இருபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. 1850ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் ஜிரார் தம் நகரிலேயே காலமானார். பத்தாண்டு கழித்துப் பிரிபூர் அவர்க்கு வெண்கலச் சிலை எடுத்தது.